ஏழு செவ்வாய்க்கிழமைகள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் ஃபிட்டிங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பக்கம் வெளிச்சமும் அலமாரிகளும் வாடிக்கையாளர்களும். ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் அவளும் லென்ஸ் அறுக்கிற மெஷினும். சீட்டைப் பார்த்து, லென்ஸில் நடுப்புள்ளி வைத்து, ஃபிரேமின் வடிவத்துக்கு அறுத்து, ஓரம் தேய்த்துப் பொருத்தி, துடைத்து உறையில் போட்டு முன்பக்கம் அனுப்ப வேண்டும். பத்தொன்பது வருஷமாக அதே ஸ்டூல், அதே வேலை. புள்ளி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வரும். தன் கைவேலையால் தலைவலி வந்தவர்கள் யாரும் இல்லை என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொள்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேறியது, தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. கணவரின் அண்ணன் வந்து தங்கிவிட்டுப் போனபோது அலமாரியில் அரை பாட்டில் பிராந்தியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு மூடி குடித்துப் பார்த்தாள். தூக்கம் வந்தது. மருந்து மாதிரிதானே என்று மறுநாளும் ஒரு மூடி. மூடி டம்ளராகி, டம்ளர் பகலுக்கும் வந்து சேர எட்டு மாதம்கூட ஆகவில்லை.

வீட்டிலிருந்து நாலு ஸ்டாப் தள்ளி ஒரு கடையில் வாங்குவாள். "வீட்டுக்காரருக்கு" என்பாள். கடைக்காரர் கொஞ்ச நாளில் பழகிவிட்டார். "அண்ணனுக்கு வழக்கமானதுதானே?" என்று அவரே எடுத்து வைப்பார். அந்த அண்ணன், அவள் கணவர், ஒரு லிஃப்ட் மெக்கானிக். சாராயம் அவர் நாக்கில் பட்டதே இல்லை. டீயிலேயே சர்க்கரை கூடினால் முகம் சுளிக்கிற மனுஷர்.

கடையில் அவளுக்கென்று ஒரு நீலப் பிளாஸ்டிக் பாட்டில் உண்டு. வெளியே லென்ஸ் துடைக்கும் திரவம் என்று ஒட்டியிருக்கும். வீட்டில் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டிக்குள் ஒரு பாட்டில். வாயில் எந்நேரமும் கிராம்பு. பல்வலி என்று சொல்லியிருந்தாள். மூன்று வருஷம் ஆறாத பல்வலி.

கணக்கு வாத்தியார் ஒருவர் கண்ணாடி வாங்கிப் போன இரண்டாவது வாரம் நெற்றியில் கட்டோடு திரும்பி வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் படிக்கட்டில் விழுந்திருந்தார். கோபமாக வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கூச்சத்தோடு வந்தார்.

"உங்க மேல தப்பில்லைம்மா. என் கண்ணுதான் ரெண்டு வாரத்துக்குள்ள இன்னும் மங்கிடுச்சு போல. படி எது தரை எதுன்னே தெரியலை. இன்னொரு தடவை செக் பண்ணிக் கொடுக்கிறீங்களா?"

கவுன்ட்டரில் இருக்கும் பெண் கண்ணாடியைப் பின்பக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். பவர் பார்க்கிற கருவியில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. இடது லென்ஸ் வலதிலும் வலது இடதிலும் இருந்தன. கழற்றி மாற்றி அறுத்துப் போட அவளுக்கு அரை மணி ஆனது. "ஃபிரேம் கொஞ்சம் வளைஞ்சிருந்துது சார்" என்று வெளியே வந்து சொன்னாள். அவர் போட்டுப் பார்த்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துப் பார்த்து, இரண்டு தடவை நன்றி சொன்னார். அவள் உள்ளே போய் நீல பாட்டிலை எடுத்துக்கொண்டு கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் சாய்ந்து, யார் கண்ணிலும் படாமல் போனைச் சாய்த்துப் பிடித்துத் தேடினாள். முதல் நம்பர் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது நம்பரில் ஒரு குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஏழு வரை சொல்லிவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. மூன்றாவது நம்பரை மறுநாள் மத்தியானம் கடைக்குப் பின்னால் நின்று போட்டாள். நாய் குரைக்கிற சத்தத்துக்கு நடுவில் ஒரு ஆள் பேசினார்.

"குடியை விடறவங்களுக்கு ஏதோ கூட்டம் நடக்குதாமே…"

"நடக்குதுங்க. சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு. மாட்டு டாக்டர் ஆஸ்பத்திரி மாடி. படி பக்கவாட்டுல இருக்கு. யாருக்குங்க?"

அவள் லைனைத் துண்டித்துவிட்டாள்.

முதல் சனிக்கிழமை ஸ்டாப் வரை போய்த் திரும்பினாள். அடுத்த சனிக்கிழமை எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று, பக்கவாட்டுப் படியில் ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். மூன்றாவது வாரம் ஏறினாள். ஏறுவதற்குத் தெம்பு வேண்டுமே என்று கொஞ்சம் குடித்துவிட்டுத்தான் ஏறினாள்.

கதவு திறந்திருந்தது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒன்பது ஆண்கள். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். ஒருவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கதவருகில் இருந்தவர் எழுந்து வந்தார். போனில் கேட்ட அதே குரல். பஸ் கண்டக்டராக இருந்தவர், எல்லோருக்கும் கண்டக்டர்தான்.

"வாங்கம்மா. வீட்டுக்காரருக்காகவா? குடும்பத்துக்காரங்களுக்குத் தனியா செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு நடக்குது, இதே ரூம்லதான். இன்னைக்கு எங்களுக்கு மட்டும். தப்பா எடுத்துக்காதீங்க."

எனக்காகத்தான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறந்தாள்.

"சரிங்க. செவ்வாய்க்கிழமை வரேன்" என்றாள்.

கீழே இறங்கும்போது ஏமாற்றமாகக்கூட இல்லை. அலுப்பாக இருந்தது. பொய்கூட அவளுக்காக வேறு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள், அவள் தலையாட்டினால் போதும் என்கிற மாதிரி.

அப்படியே விட்டிருக்கலாம். ஏன் செவ்வாய்க்கிழமை போனாள் என்று பின்னாளில் அவளிடமே கேட்டபோது அவளால் சரியாகச் சொல்ல முடியவில்லை. "அந்த ரூமுக்குள்ள ஒரு தடவை உட்காரணும்னு இருந்துது" என்றாள்.

கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை என்று வீட்டில் சொன்னாள். கூட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள். நடத்துகிற டெய்லர் அம்மா மடியில் எதையாவது வைத்துத் தைத்துக்கொண்டேதான் பேசுவார். அவர் கணவர் குடித்தே செத்துப் பதினோரு வருஷம். ரிடையரான தபால்காரர் ஒருவர், மகனுக்காக வருபவர். பேக்கரியில் வேலை செய்யும் ஒருத்தி, முப்பத்தைந்து வயதிருக்கும், கணவன் லாரி டிரைவர். மற்ற மூன்று பேர் சில வாரம் வருவார்கள், சில வாரம் வர மாட்டார்கள்.

"பேச இஷ்டம் இருந்தா பேசு. இல்லேன்னா சும்மா உட்காரு" என்றார் டெய்லர் அம்மா.

அவள் பேசினாள். நிறுத்த முடியாமல் பேசினாள். "அவர் ஃப்ளஷ் தொட்டிக்குள்ள பாட்டில் வெச்சிருக்கார். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்." "காலையில எழுந்ததும் கை நடுங்குது அவருக்கு. பல் விளக்கறதுக்கு முன்னாடி ஒரு வாய் ஊத்தினாத்தான் பிரஷ்ஷைப் பிடிக்க முடியுது." "நாளையிலேர்ந்து கிடையாதுன்னு தினமும் சொல்லிக்கிறார். மனசாரத்தான் சொல்றார். பத்து மணி ஆனதும் அந்த ஆள் வேற, இந்த ஆள் வேற."

மூன்று வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை எல்லாம் கொட்டினாள். அத்தனையும் உண்மை. 'அவர்' என்ற சொல் மட்டும் பொய்.

"அவரோட மனசுக்குள்ள போய்ப் பார்த்த மாதிரி சொல்றீங்களே. எங்க ஆளு என்ன நினைக்கிறான்னு பதினாலு வருஷமா எனக்குத் தெரியலை" என்றாள் பேக்கரிக்காரி.

அவளுக்கு இவளைப் பிடித்துப்போனது. ஒவ்வொரு வாரமும் மிச்சமான பன்னை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து, "பொண்ணுக்குக் குடுங்கக்கா" என்று கையில் திணிப்பாள்.

தான் பேசியதைவிட மற்றவர்கள் பேசியதுதான் அவளை வதைத்தது. தபால்காரர் ஒரு நாள் சொன்னார்: "கேட் சத்தத்துலேயே தெரிஞ்சிடும். அப்புறம் செருப்பு. ஒழுங்கா ஓரமா விட்டான்னா நல்ல நாள். ஒண்ணு வாசல்லயும் ஒண்ணு ஹால்லயும் கிடந்தா, நான் டிவியை அணைச்சிட்டு என் ரூமுக்குப் போயிடுவேன். எழுபது வயசுல, என் வீட்டுலயே ஒளிஞ்சுக்கிறேன்."

அன்று வீட்டுக்குப் போனபோது மகள் வழக்கம்போல அடுப்படி வாசலில் நின்றாள். பதினேழு வயது, பரீட்சைக்குப் படிக்கிறவள். அம்மா வந்ததும் அங்கே வந்து நிற்பது பாசம் என்று அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கவனித்தாள். மகளின் பார்வை முதலில் செருப்புக்குப் போனது. அப்புறம் கைக்கு, அப்புறம்தான் முகத்துக்கு. பார்த்து முடித்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை வாய் தவறியது. மகளுக்குப் பள்ளியில் பரிசு கொடுத்த நாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவர் முன் வரிசையில உட்கார்ந்திருந்தார். பேரைக் கூப்பிட்டதும் கை தட்டலாம்னு எழுந்தேன், நிக்க முடியலை, நாற்காலியோட சேர்ந்து விழுந்துட்டேன்."

"நீங்க ஏன் விழுந்தீங்க?" என்றாள் பேக்கரிக்காரி.

"இல்லை, அவர் விழுந்தார். அவரைப் பிடிக்கப் போய் நானும்…"

பேக்கரிக்காரி உச்சுக்கொட்டினாள். டெய்லர் அம்மாவின் ஊசி துணியில் பாதி ஏறி நின்றது. பிறகு மெதுவாக மறுபக்கம் வந்தது.

ஐந்தாவது வாரம் கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது பேக்கரிக்காரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கீழே யாருடைய பூனையோ ஊசிக்குப் பயந்து கத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். உள்ள எல்லார் முன்னாடியும் சொல்ல முடியாது. போன மாசம் டிவியில லாரி ஆக்ஸிடென்ட் காட்டினாங்க. அதே கலர் வண்டி. பக்கத்துல போய் நம்பரைப் பார்த்தேன். வேற நம்பர். பார்த்ததும் எனக்கு… என்னன்னு சொல்றது… சேன்னு ஆயிடுச்சு. அப்படி ஆனதுக்கப்புறம் குளிச்சேன். ரெண்டு தடவை குளிச்சேன்."

அவள் பேக்கரிக்காரியின் தோளில் கை வைத்தாள். தன் வீட்டில் யார் எந்த டிவியைப் பார்த்து என்ன நினைத்தார்களோ என்று மனதில் ஓடியது.

ஆறாவது வாரம் வேண்டுமென்றே காலையிலிருந்து குடிக்காமல் போனாள். மாலைக்குள் கை உதறியது, நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. துக்கம் என்று நினைத்து பேக்கரிக்காரி அந்தக் கைகளைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது செவ்வாய்க்கிழமை கூட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். படியில் கனமான பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர் சாம்பல் நிற வேலைச் சட்டையில் இருந்தார். மார்பில் கிரீஸ் கறை. கையில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார்.

"வாங்க தம்பி, உட்காருங்க. யாருக்காக வந்திருக்கீங்க?" என்றார் டெய்லர் அம்மா.

"என் சம்சாரத்துக்…" என்று ஆரம்பித்தவர் எதிர் நாற்காலியைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கப் போன இடத்தில் இந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஆறு மாதமாக அதே லிஃப்டுக்குள் நின்று அதையே படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்குத்தான் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தார். கடையில் ஸ்டாக் எடுப்பதாகச் சொல்லியிருந்த மனைவி இங்கே உட்கார்ந்திருப்பாள் என்று அவர் எப்படி நினைப்பார்?

இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்த பேக்கரிக்காரிக்குத்தான் முதலில் புரிந்தது. பாதி புரிந்தது.

"அக்கா, உங்க வீட்டுக்காரரா இவர்?"

அவள் தலையாட்டினாள்.

பேக்கரிக்காரி எழுந்தே விட்டாள். "ஓஹோ, நீங்கதானா அது? நல்லா இருக்கீங்களா சார்? பார்த்தா சாதுவாத்தான் இருக்கீங்க. இந்த அக்கா ஏழு வாரமா இங்க வந்து அழுதுக்கிட்டிருக்காங்க, தெரியுமா உங்களுக்கு? ஃப்ளஷ் தொட்டிக்குள்ள பாட்டில் வெச்சா எங்களுக்குத் தெரியாதா? காலையில பல் விளக்கறதுக்கு முன்னாடியேவா சார்? பொண்ணு பரிசு வாங்குற அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி விழுந்தீங்களே, அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் ஒரு சினேகிதியையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துதா?"

அவர் நின்றுகொண்டே கேட்டார். பரிசளிப்பு அவருக்குத் தெரியும். அவர்தான் அவளைத் தூக்கிவிட்டு, தலைசுற்றல் என்று எல்லோரிடமும் சொன்னவர். மற்றதெல்லாம் அவருக்குப் புதிது. ஒவ்வொன்றாக உள்ளே போவதை அவர் முகத்தில் பார்க்க முடிந்தது. கையிலிருந்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"ஆமாங்க. நான்தான். என்னாலதான் எல்லாம்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் எத்தனை வாரம் உட்கார்ந்திருப்பாளோ.

"அவர் இல்லை" என்றாள். குரல் வெளியே வரவில்லை. திரும்பச் சொன்னாள். "அவர் இல்லை. அவர் குடிக்க மாட்டார். ஒரு நாளும் குடிச்சதில்லை. நான்தான் குடிக்கிறேன். தொட்டியில வெச்சது நான். விழுந்தது நான். இப்பவும் குடிச்சிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்."

கீழே ஒரு நாய் விடாமல் குரைத்தது. தபால்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உன்கிட்ட நான் சொன்னேனே" என்றாள் பேக்கரிக்காரி. அக்கா போய்விட்டது, மரியாதையும் போய்விட்டது. "படியில நின்னு சொன்னேனே. யார்கிட்டயும் சொல்லாததை. எங்க வீட்டு ஆளு மாதிரி ஒரு ஆளு கையையா நான் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்?"

"நான் யார்கிட்டயும்…"

"நீ வெளியில சொல்லுவேன்னா பயப்படறேன்? நீ அதைக் காதுல வாங்கினியே, அதுதான்."

பையை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். பன் கவர் நாற்காலியிலேயே இருந்தது.

டெய்லர் அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மூணாவது வாரமே எனக்குச் சந்தேகம்தான். கேட்டா நீ திரும்ப வர மாட்டேன்னு விட்டுட்டேன். நான் செஞ்சதும் தப்புதான், அவ போனதைப் பார்த்தா." பெருமூச்சு விட்டார். "இது உனக்கான இடம் இல்லைம்மா. சனிக்கிழமை வா. கண்டக்டர்கிட்ட நான் சொல்லி வைக்கிறேன். நீ கொஞ்ச நேரம் கீழ இரு. தம்பி, நீங்க உட்காருங்க. உங்களுக்கான நாற்காலிதான் அது."

மிருக ஆஸ்பத்திரியின் வெளி பெஞ்சில் அவள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கூடையோடு இருந்த ஒரு அம்மாள் கேட்டாள், "உங்களோடது உள்ள இருக்கா?"

"மாடியில இருக்கார்" என்றாள். அந்த அம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை.

அவர் இறங்கி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. இருவரும் நடந்தார்கள். இரண்டு ஸ்டாப் தாண்டினார்கள்.

"ஃப்ளஷ் தொட்டியிலயா வெச்சிருந்தே?" என்றார் கடைசியில்.

"ம்."

"தண்ணி சரியா நிரம்பலைன்னு அதை நான் ரெண்டு தடவை ரிப்பேர் பண்ணேன். வால்வு மாத்தினேன்."

"நீங்க ஸ்பேனர் எடுத்துட்டு வர்றதுக்குள்ள நான் எடுத்துடுவேன்."

அவர் சிரித்தாரா, வேறு என்ன சத்தம் அது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "நான் வேலைக்கு லாயக்கில்லாத மெக்கானிக்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார்.

"அங்க ஏன் நீங்க ஒத்துக்கிட்டீங்க?"

"தெரியலை. அந்தம்மா அவ்வளவு கோபமா கேட்டாங்க. நீ தலையைக் குனிஞ்சிருந்தே. யாராவது ஒருத்தர் ஆமான்னு சொன்னா முடிஞ்சிடும்னு தோணுச்சு." கொஞ்சம் தூரம் போய், "அசதியா இருந்துது" என்றார்.

சனிக்கிழமை அவள் ஏறினாள். கண்டக்டர் கதவருகில் நின்றார்.

"அன்னைக்கு நான்தான் உங்களைத் திருப்பி அனுப்பிட்டேன். பொம்பளைன்னு பார்த்ததும் வாய் தானா பேசிடுச்சு. மன்னிச்சுக்குங்க" என்றார். இந்தத் தடவை பதினோரு ஆண்கள். அவள் தன் தொழிலைச் சொன்னாள். "நான் குடிக்கிறேன்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. ஏழு வாரம் அருவி மாதிரி கொட்டியவளுக்கு, தன்னைப் பற்றி என்று வந்ததும் இரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இன்றைக்கே நிறுத்தப் போகிறேன் என்று அவள் கிளம்பும்போது சொன்னதும் கண்டக்டர் பதறினார். "அந்த வேலை மட்டும் வேண்டாம். நான் அப்படித்தான் வீம்பா நிறுத்தி, ஓடுற பஸ்ஸுக்குள்ள வலிப்பு வந்து விழுந்தேன். முதல்ல டாக்டர். அப்புறம் எங்ககிட்ட வாங்க."

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சுவரில் எறும்பு ஊர்வதாகப் பட்டது. எறும்பு இல்லை என்று நர்ஸ் சொன்னாள். வெளியே வந்து முப்பத்திரண்டு நாள் தாக்குப்பிடித்தாள். முப்பத்து மூன்றாம் நாள், ஒரு காரணமும் இல்லாத ஒரு மத்தியானம், நாலு ஸ்டாப் தள்ளிப் போய் வாங்கிக் குடித்தாள். சனிக்கிழமை அதைச் சொன்னபோது, "திரும்ப ஒண்ணாம் நாள்லேர்ந்து எண்ணுங்க" என்றார்கள். எண்ணினாள்.

கடை முதலாளியிடம் லென்ஸ் மாறிப்போனதைச் சொன்னாள். அவர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் அவள் பொருத்துகிற ஒவ்வொரு கண்ணாடியையும் கவுன்ட்டர் பெண் திரும்பச் சரிபார்த்த பிறகுதான் வெளியே போக வேண்டும் என்றார். இருபத்திரண்டு வயதுப் பெண் கருவியில் வைத்துப் பார்த்து "சரியா இருக்குக்கா" என்று சொல்லும் வரை அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை. கணக்கு வாத்தியாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். திட்டுவார் என்று நின்றாள். அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப என் கண்ணு கெட்டுப் போகலையா?" என்றார்.

பேக்கரிக்கும் போனாள். சாயங்கால நெரிசல். வரிசையில் நின்று முறை வந்ததும், "என்ன வேணும்?" என்றாள் பேக்கரிக்காரி, தெரியாதவளிடம் கேட்பதுபோல.

"உன்கிட்ட பேசணும்."

"இங்க பேச்சு விக்கிறதில்லை. அடுத்தவங்க வாங்க."

பேக்கரிக்காரியும் செவ்வாய்க்கிழமைகளில் திரும்ப வர ஆரம்பித்துவிட்டாள் என்று கணவர் சொன்னார். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருகிறாளாம். அவரிடமும் பேசுவதில்லை. அவர் செவ்வாய்க்கிழமை என்ன பேசுகிறார் என்று இவள் கேட்பதில்லை. சனிக்கிழமை என்ன பேசினாய் என்று அவரும் கேட்பதில்லை.

இரண்டாவது எண்ணிக்கை எழுபதைத் தாண்டிய ஒரு சனிக்கிழமை, பக்கத்தில் வேலை இருந்ததென்று அவர் கூட்டம் முடிகிற நேரத்துக்கு வந்து கீழே காத்திருந்தார். இருவரும் பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது. அவர் காலையிலிருந்து ஒன்பது மாடி லிஃப்ட் ஒன்றோடு மல்லுக்கட்டியவர். அவளுக்கும் பேசிப் பேசித் தொண்டை வறண்டிருந்தது. கண் அசந்தது எப்போது என்று இருவருக்கும் தெரியாது. டிரைவர் வந்து தட்டி எழுப்பியபோது பஸ் கடைசி ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. மற்ற சீட்டெல்லாம் காலி.

"எந்த ஸ்டாப் போகணும்?"

சொன்னார்கள். "அது தாண்டி அரை மணி ஆச்சு" என்றார் டிரைவர்.

திரும்பும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று இறங்கி நடந்தார்கள். போன் அடித்தது. மகள்.

"எங்க இருக்கே?" குரல் இறுகியிருந்தது. "ஏழு மணிக்கு வந்துடுவேன்னு சொன்னே. மணி ஏழே முக்கால்."

"பஸ்ஸுல தூங்கிட்டேன்டி. கடைசி ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டோம்."

"தூங்கிட்டியா?"

"அப்பாவும்தான். ரெண்டு பேரும் தூங்கிட்டோம்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வார்த்தை குழறுகிறதா என்று மகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பாகிட்ட குடு" என்றாள் மகள்.

அவள் போனை நீட்டினாள். அவர் வாங்கிக் காதில் வைத்தார். "ஆமாம்மா… ஆமா, நிஜமாத்தான்… நான்தான் முதல்ல தூங்கினேன்னு நினைக்கிறேன்… இல்லைம்மா, நல்லா இருக்கா… நீ சாப்பிட்டுப் படி, நாங்க வந்துடறோம்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கால் வலித்தது. அடுத்த ஸ்டாப் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். அந்தத் திருப்பம் தாண்டினால் இருக்கும் என்றார் அவர். இருவருக்குமே அந்த ரோடு புதிது.